யார் ரத்தமோ என்று கேட்கிறவர்களுக்கு

“முரடனுங்க. கடிப்பான். நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க.”

எட்டு வயசுப் பையனைப் பற்றி அந்த இல்லத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் சேதி இதுதான். அவனுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பான், இருட்டுக்குப் பயப்படுவானா என்று ஒன்றும் சொல்லவில்லை. மாடு விற்க வந்தவன்கூட முதலில் பால் கணக்கைச் சொல்லிவிட்டு அப்புறம்தான் உதைக்கும் என்பான். இங்கே உதைப்பதைத்தான் முதலில் சொன்னார்கள்.

சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்களுக்கு முந்தி ஒரு தம்பதி அவனை அழைத்துப் போய் மூன்றே மாசத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இன்னொரு தடவை அப்படி நடந்துவிடக் கூடாது என்ற பயம் இல்லத்துக்காரர்களுக்கு. பயம் நியாயமானது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திருப்பி விடப்பட்டவனுக்கு முரடன் என்று பெயர் வந்துவிட்டது. திருப்பி விட்டவர்களுக்கு ஒரு பெயரும் வரவில்லை. ஃபைலில் ‘ஒத்துப்போகவில்லை’ என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

நான் விழுப்புரம் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவள். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் இருபது வருசமாக டீச்சர். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கல்யாணமாகிப் பதினாறு வருசம். பிள்ளையில்லை என்பதற்காக ஊரில் பட்ட பேச்சை எழுத ஆரம்பித்தால் இந்த இதழ் பத்தாது, அது இருக்கட்டும். தத்தெடுக்கலாம் என்று பதிவு செய்தோம். எல்லோரையும் போலக் கைக்குழந்தைதான் கேட்டோம். கைக்குழந்தைக்கு மூன்று வருசத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றார்கள். வரிசை அவ்வளவு நீளம். அதே கம்ப்யூட்டர் திரையில் இன்னொரு பட்டியல் இருந்தது. ஏழு வயசு, எட்டு வயசு, பத்து வயசு. அண்ணன் தங்கையாக ரெண்டு பேர். கை கால் ஊனமானவர்கள். அங்கே வரிசையே இல்லை. ரேஷன் கடையில் கூட்டமில்லாத கவுண்டரைப் பார்த்த மாதிரி இருந்தது. கூட்டமில்லை என்றால் அங்கே சரக்கு சரியில்லை என்று நினைக்கப் பழகியிருக்கிறோம் இல்லையா, அப்படித்தான் நானும் முதலில் நினைத்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

பிள்ளையை ஒதுக்கிக்கொள்ள 48 மணி நேரம். ஒதுக்கிய பிறகு நேரில் பார்த்து, பேசி, ஒரு மாசத்துக்குள் சரி அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு மாசத்தில் என் காதில் விழுந்ததையெல்லாம்தான் இங்கே எழுதுகிறேன். அவன் பெயரை எழுத மாட்டேன். எழுதக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அவன் வளர்ந்து ஒருநாள் இதைப் படிப்பான்.

ஃபைலில் என்ன இருந்தது? அடம். பொய். திருட்டு. மற்ற பிள்ளைகளை அடிப்பது, கடிப்பது. படுக்கையில் ஒன்றுக்குப் போவது. அஞ்சு வயசில் ஒரு ரயில் நிலையத்தில் தனியாக நின்றவனைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். தேடிப் பார்த்தும் யாரும் வரவில்லை. குழந்தைகள் நலக் குழு தத்துக் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டது. இவ்வளவுதான் அவன் சரித்திரம். நான் சமையற்கட்டுக்குப் போய் அங்கே வேலை செய்யும் ஆயாம்மாவிடம் கேட்டேன், “என்னம்மா திருடுவான்?”

“இட்லிதான் டீச்சர். ராத்திரி எடுத்துட்டுப் போயி பாய்க்கு அடியில வச்சிக்கும். துன்னாது. எறும்பு மொய்ச்சாத்தான் நமக்குத் தெரியும்.”

திருட்டு என்று இங்கிலீஷில் டைப் அடித்து வைத்திருந்தது இதைத்தான். நாளைக்குச் சோறு வருமா என்று தெரியாத பிள்ளை இன்றைக்கே நாளைக்குச் சேர்த்து வைக்கிறது. நம் அம்மாக்கள் களத்து மேட்டில் மடியில் ரெண்டு பிடி நெல்லை முடிந்துகொண்டு வந்தபோதும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

சரி, யார் யார் என்னென்ன சொன்னார்கள்?

முதலில் என் மாமியார். “எந்த ஊட்டு ரத்தமோ, என்ன ஆளுங்களோ. பொறவிக் கொணம் போவுமா? நாளைக்கி ஒன்னையே வெட்டிப் போட்டுட்டுப் போவும்.” இதைச் சொன்னவள் ஆண்டைமார் வீட்டு வாசலில் கைகட்டி நின்று, அவளும் அவள் ரத்தமும் என்ன ஜாதி என்பதற்காகவே கொட்டாங்கச்சியில் தண்ணி வாங்கிக் குடித்தவள். அதோடு நிற்கவில்லை. ராத்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள், “நம்ம ஆளுங்கதான? இல்ல அவங்கள்ல உள்ளதா?” அவங்கள் என்றால் அருந்ததியர். அவள் சொன்ன சொல் வேறு. அதை என் கையால் எழுத மாட்டேன். பறையர் வீட்டில், அம்பேத்கர் படம் மாட்டிய சுவருக்குக் கீழே உட்கார்ந்துதான் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. ஊர்த்தெருவில் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொந்த வீட்டில் கேட்டபோது வாயடைத்துப் போய் நின்றேன். நாம் யாரைத் திட்டி இத்தனை வருசம் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத வந்தவர். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து தண்ணி வேண்டாம் என்றார். இதையெல்லாம் நாம் பார்த்துப் பழகியவர்கள். எழுதிக்கொண்டே கேட்டார், “காலனியிலயேதான் இருப்பீங்களா? பையனுக்கு ஏற்கெனவே பிஹேவியர் பிரச்சனை இருக்கு. சுத்துப்புறமும் இப்படி இருந்தா…” வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவை அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. நாம்தான் முடித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சகஆசிரியை, “பெரிய புண்ணியம் டீச்சர்” என்றார். புண்ணியம் தேடிப் பிள்ளை வளர்ப்பதென்றால் கோயிலுக்கு உண்டியல் இருக்கிறதே, அதில் போடலாமே. புண்ணியத்துக்காக எடுத்த பிள்ளை கடித்தால் புண்ணியவான் என்ன செய்வான்? மூன்றாம் மாசம் திருப்பிக் கொண்டுபோய் விடுவான். ஏனென்றால் அவன் எதிர்பார்த்தது நன்றி.

கடைசியாக நம் தோழர்கள். இவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரையே. ஒரு தோழர் சொன்னார்: “இயக்க வேலைக்கே நேரமில்ல, இதுல ஒரு பிரச்சனையான பையனை இழுத்துப் போட்டுக்கிட்டு எதுக்கு? சாதிய ஒழிச்சா அநாதை இல்லமும் சேர்ந்து ஒழியும்.” சாதி ஒழிகிற வரைக்கும் அவன் பாய்க்கு அடியில் இட்லி வைத்துக்கொண்டிருக்கட்டுமா தோழர்? இன்னொருவர் எழுத்தாளர். அவருக்கு ஒரே சந்தோசம். “கலகக்காரன் தோழர் அவன்! ஒழுங்குங்கிற அதிகாரத்தைக் கடிச்சுத் துப்புறான். கண்டிப்பா எடுங்க.” இந்த ரெண்டாவது பேச்சுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது. எட்டு வயசுப் பிள்ளை நடுராத்திரியில் அலறி எழுந்து பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் தோளைக் கடிப்பது கலகம் இல்லை. பயம். அதைக் கலகம் என்று கொண்டாடி ஒரு கவிதை எழுதிவிட்டு நீங்கள் தூங்கப் போய்விடுவீர்கள். ஈரப் பாயை அலசிப் போடுகிறவள் நான்.

மாமியாரும் அறிக்கை எழுத வந்தவரும் ஒரே விசயத்தைத்தான் சொன்னார்கள். ஒருத்தி ரத்தம் என்றாள், மற்றவர் சுற்றுப்புறம் என்றார். பிறந்த இடத்தை வைத்து நடத்தையைக் கணக்கிடுவது ரெண்டு பேருக்கும் பொது. இந்தக் கணக்குக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. பழைய இந்துச் சட்டத்தில் தத்துப் பிள்ளை அதே வருணத்தில்தான் எடுக்க வேண்டும். தத்தக மீமாம்சை, தத்தக சந்திரிகை என்று இதற்கென்றே நூல்கள் எழுதி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் கோர்ட்டும் அதை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டுதான் தீர்ப்புச் சொன்னது. தத்து அங்கே பிள்ளைக்காக இல்லை. அப்பனுக்குப் பிண்டம் வைக்க, சொத்து வெளியே போகாமல் காக்க. பெண் பிள்ளைக்கு அதில் இடமே இல்லை. திருமணத்துக்கும் தத்துக்கும் சாதி ஒரு நிபந்தனையாக இருக்கக் கூடாது என்று இந்து சட்டத் தொகுப்பு மசோதாவில் வைத்தவர் அம்பேத்கர். அந்த மசோதாவை நிறைவேற விடாமல் அடித்ததால்தான் 1951இல் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். பிறகு துண்டு துண்டாக நிறைவேறியதில் 1956இன் தத்துச் சட்டமும் ஒன்று. அதில் சாதித் தடை இல்லை. பெண் பிள்ளையையும் எடுக்கலாம் என்று வந்தது. ஆக, சாதி பார்க்காமல் ஒரு பிள்ளையை வீட்டுக்குள் கொண்டுவரும் உரிமை யாரோ போட்ட பிச்சை இல்லை. நம் ஆள் பதவியைத் தூக்கி எறிந்த சண்டையில் கிடைத்தது. அந்த உரிமையை வைத்துக்கொண்டுதான் என் மாமியார் “நம்ம ஆளுங்கதான?” என்று கேட்கிறாள்.

பிறவிக் குணம் என்பதை அரசாங்கமே சட்டமாக்கிய கதையும் உண்டு. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சில சமூகங்களில் பிறந்தாலே குற்றவாளி. பிள்ளை பிறக்கும்போதே திருடன் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். பின்னால் வந்த திருத்தங்களில் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் அடைக்கவும் வழி செய்தார்கள். கெட்ட ரத்தத்திலிருந்து காப்பாற்றுகிறார்களாம். குறவரும் இன்னும் பல சமூகங்களும் அதில் நசுங்கினார்கள். 1952இல் நாடு முழுக்க அந்தச் சட்டம் போனது. சட்டம் போனது, ‘எந்த ரத்தமோ’ போகவில்லை.

என் அண்ணன் கதையைச் சொல்கிறேன். நாலாம் வகுப்பில் படித்தான். ஊர்த்தெருப் பையன் ஒருவன் அண்ணனுடைய சத்துணவுத் தட்டைக் காலால் எத்திவிட்டான். அண்ணன் அவன் முகத்தில் குத்திவிட்டான். தட்டை எத்தியது வாத்தியார் கண்ணுக்குத் தெரியவில்லை, குத்தியது மட்டும் தெரிந்தது. “சேரிப் புத்தி எங்க போவும்” என்று சொல்லி வெளுத்தார். அதற்கப்புறம் வகுப்பில் எது காணாமல் போனாலும் அண்ணன் பைதான் முதலில் கவிழ்க்கப்பட்டது. அவனும் அடிக்க ஆரம்பித்தான். எல்லோரும் முரடன் என்றால் முரடனாகவே இருந்துவிட்டுப் போவது சுலபம். அஞ்சாவது முடித்து டி.சி. வாங்கியபோது ‘நடத்தை’ என்ற இடத்தில் ‘திருப்தியில்லை’ என்று எழுதியிருந்தது. பத்து வயசுப் பிள்ளையின் நடத்தை திருப்தியில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேறு பள்ளிக்கூடம் போக எங்கள் அப்பாவுக்குத் துணிச்சல் வரவில்லை. அண்ணன் செங்கல் சூளைக்குப் போனான். இன்றைக்கு ஐம்பது வயசு. இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனைவிட ஆறு வயசு இளையவளான நான் டீச்சர். ஒரே வயிறு, ஒரே ரத்தம். பிறவிக் குணம் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அந்த இல்லத்து ஃபைலில் ‘முரடன்’ என்ற சொல்லைப் பார்த்தபோது எனக்கு அந்த டி.சி. தாள்தான் ஞாபகம் வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைவிட நிதானமானவர். “சரிம்மா, ஒங்க அண்ணனுக்கு நடந்ததுக்காக இவனை எடுக்கறதும் தப்புதான. அவன் ஒங்க அண்ணன் இல்ல” என்றார். ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பதால்தான் பேசவில்லை.

ஒரு பிள்ளையை ஒரு வாதத்தை நிரூபிப்பதற்காக எடுக்கக் கூடாது. பிறவிக் குணம் என்பது பொய் என்று நிரூபிக்க இவனை எடுத்தால், நாளைக்கு இவன் கடிக்கும்போதெல்லாம் என் வாதம் தோற்றுப் போகும். தோற்றுப் போனால் எனக்கு அவன் மேல் கோபம் வரும். வாத்தியாரின் பிரம்பும் அப்படித்தான் எழுந்தது, தன் கணக்குப் பொய்த்துவிடக் கூடாது என்று.

அதனால் ரத்தம் இல்லை என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. வேறு என்ன என்று பார்க்க வேண்டும். ருமேனியா நாட்டில் 1989 கடைசியில் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அரசாங்க விடுதிகளில் தொட்டு எடுக்க ஆளில்லாமல் தொட்டில் கம்பிகளுக்குள் கிடந்ததை உலகம் பார்த்தது. அப்படிப்பட்ட 136 பிள்ளைகளை 2000 தொடங்கி புக்காரெஸ்ட் நகரத்தில் ஆராய்ந்தார்கள். பாதிப் பேரைக் குடும்பங்களில் வளர்க்கவிட்டார்கள். ரெண்டு வயசுக்கு முந்தியே குடும்பத்துக்குப் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். பிந்திப் போனவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் என்ற மருத்துவர் குழு பல வருசம் தொடர்ந்து பார்த்தது. விடுதியில் ஆறு மாசத்துக்கு மேல் கிடந்தவர்களில் ஒரு பகுதிக்கு ஆளான பிறகும் சிக்கல் தொடர்ந்தது. அதே அளவு கிடந்தும் ஒரு சிக்கலும் இல்லாமல் வளர்ந்தவர்களும் இருந்தார்கள்.

இதில் நமக்கு ரெண்டு சேதி. ஒன்று, பிள்ளையைக் கெடுத்தது ஆளில்லாத தொட்டில். சோற்றைப் பதுக்குவது, யாரைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்வது, இல்லையென்றால் யாரையும் கிட்டே விடாமல் இருப்பது, பிடித்தவர்களையே அதிகமாக அடிப்பது எல்லாம் அதன் மிச்சம். திருப்பி விடப்பட்ட பிள்ளை புது வீட்டில், ‘நீயும் விடுவியா, எப்ப விடுவ’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வாயால் கேட்கத் தெரியாது, பல்லால் கேட்கும். இரண்டாவது சேதி கசப்பானது. அன்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது சினிமா. சிலது சரியாகும், சிலது ஆகாது. எது ஆகும் எது ஆகாது என்று முதல் நாளே யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டு எடுப்பவர்கள்தான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் முடிவெடுக்கக் கேட்க வேண்டிய கேள்வி எது? நாங்கள் ராத்திரி ராத்திரியாகப் பேசி, பிள்ளையைப் பற்றிய கேள்விகளை எல்லாம் அடித்துவிட்டு எங்களைப் பற்றிய கேள்விகளை எழுதினோம்.

அடிக்காமல் இருக்க முடியுமா? இதை முதலில் எழுதியவர் வீட்டுக்காரர். நம் வீடுகளில் பிள்ளைகளை அடிப்பது சாதாரணம். ஆண்டை அப்பனை அடித்தான், அப்பன் அம்மாவை அடித்தான், அம்மா நம்மை அடித்தாள். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம், ‘அடிச்சு வளத்ததாலதான் ஆளானேன்’ என்று. ஏற்கெனவே அடிபட்ட பிள்ளை மேல் இன்னொரு அடி விழுந்தால் அவனுக்கு உலகம் ஒரே மாதிரிதான் என்று முடிவாகிவிடும். இருபது வருசம் பிரம்பு வைத்திருந்த டீச்சர் நான். என்னால் முடியுமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது.

யார் வீட்டில் இருப்பது? 2017இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தியபோது தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரம் லீவு என்று எழுதினார்கள். குழந்தைக்கு மூன்று மாசத்துக்குள் வயசிருந்தால்தான் என்றும் சேர்த்து எழுதினார்கள். கைக்குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கும். எட்டு வயசில் வருகிறவன் தூங்க மாட்டான். அவனுக்குத்தான் ஆள் வேண்டும். இதை எழுதியவர்கள் மனசில் தத்து என்றாலே கைக்குழந்தைதான். நான் சேர்த்து வைத்திருந்த சொந்த லீவை எண்ணிப் பார்த்தேன்.

நமக்குக் கை கொடுக்க யார் இருக்கிறார்கள்? மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒரு டாக்டரைப் பார்த்துப் பேசினோம். ‘மாத்திரைக்கு முந்தி வீட்டில் தினசரி ஒரே நேரத்துக்கு ஒரே மாதிரி நடக்கட்டும்’ என்றார். காலனியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னோம். “கடிச்சா கடிச்சிட்டுப் போறான், எம்மவன் மட்டும் என்ன” என்றாள். அறிக்கை எழுத வந்தவர் குறைத்துச் சொன்ன சுற்றுப்புறம் இதுதான். கதவைச் சாத்திக்கொள்ளாத தெரு, எந்த வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

சாதிச் சான்றிதழ் என்ன செய்வது? கேட்காத உறவு இல்லை. பத்து வயசுக்கு முன் தாய் தகப்பனை இழந்து இல்லத்தில் வளரும் ஆதரவற்ற பிள்ளைகளைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தத்துப் போனதால் மட்டும் ஒருவர் பட்டியல் சாதிச் சலுகைக்கு உரியவர் ஆகிவிட முடியாது என்று 1996இல் வல்சம்மா பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது. மேல்சாதிக்காரர் குறுக்கு வழியில் நுழையக் கூடாது என்பதற்காகச் சொன்னது, சரிதான். கலப்பு மணத்துப் பிள்ளை ஒருவரின் வழக்கில் 2012இல் அதே நீதிமன்றம், பிள்ளை எங்கே வளர்ந்தது, என்ன இழிவை அனுபவித்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. சட்டம் எப்படியும் போகட்டும். ஊர் டீக்கடையில் அவன் பெயர் காலனிப் பையன் என்பது உறுதி. சலுகைக்கு ஒட்டாத சாதி வசவுக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். அதைச் சொல்லி வளர்க்கும் தைரியம் இருக்கிறதா என்பதுதான் எங்கள் முன்னால் இருந்த கேள்வி.

கடைசிக் கேள்வி: வேண்டாம் என்று சொல்லும் நேர்மை இருக்கிறதா? இதை அழுத்திச் சொல்கிறேன். முடியாது என்று தெரிந்தால் முன்னாலேயே சொல்லிவிடுவது குற்றம் இல்லை. தாய் சாகக் கிடக்கிற வீடு, குடிகாரன் இருக்கிற வீடு, ஏற்கெனவே ரெண்டு பிள்ளை பசியோடு இருக்கிற வீடு முடியாது என்று சொல்லலாம். கொள்கைக்காக ஒத்துக்கொண்டு மூன்று மாசத்தில் திருப்பி விடுகிற முற்போக்காளனைவிட, வாசலிலேயே முடியாது என்றவன் அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்தவன்.

இருபத்தாறாம் நாள் மறுபடி போனோம். அஞ்சு வயசு தாண்டிய பிள்ளை என்றால் அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்று விதி. தோட்டத்துத் திட்டில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்காரர் அவனிடம், “எங்க வீட்டுக்கு வரியா?” என்று கேட்டார். “எத்தன நாளைக்கி?” என்றான். அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான்தான் சொன்னேன், “நாள் கணக்கு இல்ல.” நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் வரேன் என்றான். எங்களுக்கு வரிசையில் நிற்காத பட்டியல் அவன். அவனுக்கும் எங்களை விட்டால் வேறு வரிசை இல்லை. அது சம்மதமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவன் வந்து நாலு மாசம் ஆகிறது. முதல் வாரம் தங்கமாக இருந்தான். ஒன்பதாம் நாள் என் முன்கையைக் கடித்தான், தழும்பு இருக்கிறது. டி.வி. ரிமோட்டை உடைத்தான். மாமியார் மேல் எச்சில் துப்பினான். ஒருநாள் என் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கையைப் பார்த்து அவன் ஒதுங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றான், பழகியவன் மாதிரி. கையை இறக்கிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. ஒரு தகர டப்பாவை அவன் பாய் பக்கத்தில் வைத்து, இது உன்னுடையது, வேண்டியதை எடுத்து வைத்துக்கொள், யாரும் திறக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறோம். இன்னும் அதில் இட்லி வைக்கிறான். பாய் இன்னும் நனைகிறது. மாமியார் இன்னும் ரத்தம் என்று முணுமுணுக்கிறாள். முணுமுணுத்துக்கொண்டே டப்பாவைத் தூக்கிப் பார்க்கிறாள், லேசாக இருந்தால் ரெண்டு இட்லியை எடுத்துவந்து அவன் கையில் கொடுக்கிறாள். வெற்றிக் கதை என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2005இல் சென்னைக் குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பெயரில் வெளிநாட்டுக்குப் போன விவகாரம் வெளியே வந்தது. குடிசையில் பிறந்தாலும் கைக்குழந்தை என்றால் அதற்கு விலை இருந்தது. அப்போது யாரும் ரத்தம் பார்க்கவில்லை. அதே பிள்ளை எட்டு வயசாகி, பயந்து, பல்லைக் காட்டினால்தான் ரத்தம் ஞாபகத்துக்கு வருகிறது. வறுமைக்காகப் பிள்ளையை இல்லத்தில் விடுகிற நிலைமை நம் தெருக்களில் ஒழிய வேண்டும், அதற்கான சண்டை தனியாக நடக்கட்டும், நானும் வருகிறேன். ஆனால் இன்றைக்கு அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்கு வீடு வேண்டும். தாயைச் சின்ன வயசிலேயே இழந்து அத்தை மீராபாய் கையில் வளர்ந்த ஒரு பிள்ளை, பெரிய சண்டைக்காரன் என்றுதான் அவன் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவன் படம்தான் நம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. படத்துக்கு மாலை போடுகிறவர்கள் அந்த அத்தையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யார் ரத்தம் என்று கேட்க வருகிறவர்கள் வாசலோடு போய்விடலாம். கலகக்காரனைப் பார்க்க வருகிறவர்களும் வேண்டாம். அவனோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வருகிறவர்கள் தாராளமாக உள்ளே வாங்க. கடிப்பான், சொல்லிவிட்டேன்.